பாலோவிலிருந்து எண்டாவ்–ரொம்பின் காட்டுக்கு

பாலோ சிறிய ஊர். ஒரு கடைத்தெரு, ஒரு ரயில் நிலையம், சுற்றிலும் செம்பனை, அங்கங்கே மிச்சமிருக்கும் கித்தா மரங்கள். குளுவாங் மாவட்டத்தின் இந்த மூலையைத் தேடிச் சுற்றுலாப் பயணிகள் வருவதில்லை. ஆனால் இங்கிருந்து வடகிழக்கே, தோட்டங்களைத் தாண்டிப் போனால், தீபகற்ப மலேசியாவில் எஞ்சியிருக்கும் பழமையான மழைக்காடுகளில் ஒன்று நிற்கிறது. எண்டாவ், ரொம்பின் என்ற இரண்டு ஆறுகளின் பெயரைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். ஜோகூரும் பகாங்கும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் அந்தக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 870 சதுர கிலோமீட்டர். ஜோகூர் பக்கத்தின் 489 சதுர கிலோமீட்டர் 1993-இல் தேசியப் பூங்காவாக அரசிதழில் வெளியானது.

பாலோ, சாமேக், குளுவாங், லாபிஸ், யோங் பெங் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலைக்கும் லங்காவிக்கும் போகிற நம்மில் பலர், காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் சேரக்கூடிய இந்தக் காட்டுக்குள் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. 1909-இல் கெமாஸிலிருந்து ஜோகூர் பாருவரை இருப்புப்பாதை போட்டு முடித்த பிறகு, அந்தப் பாதையின் இருபுறமும் காடு வெட்டிக் கித்தா நட்டதில் நம் பாட்டன் பூட்டன்மாரின் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் வெட்டுவதற்கு முன் இந்த நிலம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் எண்டாவ்–ரொம்பினுக்குத்தான் போக வேண்டும்.

போவதற்கு முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இது செடிகொடிகளைப் பார்க்கப் போகும் காடு. புலியும் யானையும் உள்ளே இருக்கின்றன. பெரும்பாலும் உங்கள் கண்ணில் படமாட்டா. விலங்குகளை எண்ணிப் போகிறவர் ஏமாந்து திரும்புவார். ஒரு மைல் தூரத்தை அரை நாள் எடுத்துக்கொண்டு நடக்கத் தயாராக இருப்பவருக்கு இங்கே பார்த்துத் தீராது.

எந்த வாசல் வழியாகப் போவது

ஜோகூர் பக்கம் இரண்டு வாசல்கள். மேற்கே செலாய், கிழக்கே பெத்தா. இரண்டும் ஒரே பூங்காவைச் சேர்ந்தவை என்றாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உள்ளேயே போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். தனித்தனிப் பயணமாகவே திட்டமிடுங்கள். பகாங் பக்கத்து ரொம்பின் காட்டுக்குத் தனி நிர்வாகம், தனி வழி. அதை இங்கே சேர்க்கவில்லை.

பாலோக்காரர்களுக்குக் கைக்கெட்டிய வாசல் செலாய்தான். ரயில் பாதையில் பாலோவுக்கு வடக்கே அடுத்து வருவது பெக்கோக். அங்கிருந்து நான்கு சக்கர இயக்க வண்டியில் தோட்டச் சாலை, பிறகு மண் சாலை, பூர்வகுடி மக்களின் கம்போங்குகள் என்று கடந்து லுபோக் தாப்பா முகாமை அடையலாம். வழி நிலவரத்தைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். நம் மைவியையோ சாகாவையோ அந்தப் பாதையில் இறக்க நினைக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் களிமண் சேற்றில் சக்கரம் புதைந்தால் இழுத்துவிடவும் ஆள் கிடைக்காது. காரைப் பெக்கோக்கில் நிறுத்திவிட்டுப் பூங்காவின் வண்டியில், அல்லது அவர்கள் ஏற்பாடு செய்து தரும் வண்டியில் போங்கள். ரயிலில் வருவதாக இருந்தால் எல்லா ரயிலும் பாலோவிலும் பெக்கோக்கிலும் நிற்பதில்லை என்பதை நினைவில் வைத்து, கே.டி.எம். செயலியில் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

செலாய் அருவிகளின் பக்கம். இங்கே அருவிகளின் பெயர்கள் ‘தாக்கா’ என்று தொடங்கும். தாக்கா திங்கி, தாக்கா பாண்டான் இரண்டும் பலரும் போகிறவை. பழக்கமுள்ளவர்கள் இந்தப் பக்கமிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலான குனோங் தியோங்கில் ஏறுகிறார்கள். அது முதல் பயணத்துக்கு உரியது அன்று.

பெத்தா வாசலுக்குக் குளுவாங் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். குளுவாங்கிலிருந்து மெர்சிங் சாலையில் கஹாங். அங்கிருந்து 56 கிலோமீட்டர் செம்மண் பாதை. அதற்கும் நான்கு சக்கர இயக்க வண்டிதான் வேண்டும், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும். கடைசியில் எண்டாவ் ஆற்றங்கரையில் ஜாக்குன் என்னும் பூர்வகுடி மக்கள் வாழும் கம்போங் பெத்தா. அங்கிருந்து ஆற்றில் தண்ணீர் போதுமான அளவு இருந்தால் படகில், இல்லாவிட்டால் நடந்து, எண்டாவ் ஆறும் ஜாசின் ஆறும் கலக்கும் கோலா ஜாசின் முகாமுக்குப் போகிறோம்.

இரண்டு நாளும் சிறு பிள்ளைகளும் உள்ளவர்களுக்குச் செலாய். மூன்று நான்கு நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு, செடிகளைப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்குப் பெத்தா. அரிய பனைகளும் குடுவைச் செடிகளும் பெத்தா பக்கத்து மேட்டுநிலங்களில்தான் எளிதாகப் பார்க்கக் கிடைக்கின்றன.

மழை மாதங்களும் அனுமதியும்

வடகிழக்குப் பருவமழை இந்தக் காட்டை நேராகத் தாக்குகிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, சில ஆண்டுகளில் மார்ச் வரை, பூங்கா மூடிக் கிடக்கும். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் போகலாம் என்று திட்டம் போடாதீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பழக்காலம். காட்டு டுரியான் விழும் நாள்களில் விலங்குகளின் நடமாட்டமும் கூடும்.

அனுமதி கொடுப்பது ஜோகூர் தேசியப் பூங்காக் கழகம். வாசலில் போய் நின்று டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இது இல்லை. வண்டி, தங்குமிடம், சாப்பாடு, படகு, வழிகாட்டி எல்லாவற்றையும் சேர்த்து முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் இங்கே அச்சிடவில்லை. பதிவு செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்தக் கட்டணத்தில் வண்டியும் படகும் அடக்கமா? சைவச் சாப்பாடு உண்டா, நாமே சமைத்துக்கொள்ளலாமா? நாம் போக விரும்பும் தடம் திறந்திருக்கிறதா? மூன்றாவது முக்கியமானது. ஒரு பாலம் அடித்துப் போனாலோ யானைக் கூட்டம் அருகில் இருந்தாலோ தடத்தை மூடிவிடுவார்கள்.

வழிகாட்டி இல்லாமல் தடத்தில் இறங்க விடமாட்டார்கள். அப்படி விட்டாலும் இறங்காதீர்கள்.

வழிகாட்டியைப் பற்றி

பெத்தாவில் உங்களை அழைத்துப் போகும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஜாக்குன் இனத்தவர். செலாய் வழியிலும் அந்த மக்களின் கம்போங்குகளைக் கடந்துதான் போகிறோம். பூங்கா என்ற பெயர் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே இந்தக் காடு அவர்களுடைய வீடு, சந்தை, மருந்துக்கடை எல்லாம். கம்போங் பெத்தா மக்கள் தங்கள் பரம்பரை நிலத்துக்காக நீதிமன்றப் படி ஏறியவர்கள். நம் தோட்டங்கள் கைமாறியபோது வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதத்தைக் கையில் வாங்கிய குடும்பங்களுக்கு அந்த வலியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே கம்போங்குக்குள் போகும்போது பொருட்காட்சிக்கு வந்தவர்போல் நடந்துகொள்ளாதீர்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். வீட்டுப் படியில் அழைக்காமல் ஏறாதீர்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசாதீர்கள்.

வயதான ஆண்களைப் ‘பாக்சிக்’ என்றும், உங்களைவிடச் சற்று மூத்தவரை ‘அபாங்’ என்றும், பெண்களை ‘மாக்சிக்’, ‘காக்காக்’ என்றும் அழைத்தால் போதும். கம்போங் தலைவர் ‘தோக் பாத்தின்’. சந்தித்தால் முதலில் அவருக்கு வணக்கம் சொல்லிவிடுவது மரியாதை.

வழிகாட்டியிடம் “அருவிக்கு எவ்வளவு நேரம்?” என்று மட்டும் கேட்டால் அவர் உங்களை அருவிக்கு மட்டுமே கொண்டு போவார். “இந்த இலை எதற்கு? இந்தத் தடம் யாருடையது?” என்று கேளுங்கள். அவர் நடையே மாறிவிடும். அவர்களில் பலர் அதிகம் பேசாதவர்கள். அவசரப்படாதவரிடம்தான் வாய் திறப்பார்கள்.

காலுக்கும் பைக்கும்

விலை உயர்ந்த மலையேற்றக் காலணி தேவையில்லை. பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் அந்தக் கறுப்பு ரப்பர் காலணி, ‘கம்போங் அடிடாஸ்’ என்று ஊரெல்லாம் அழைக்கும் அதே காலணி, இந்தக் காட்டுக்கு மிகச் சிறந்தது. ஈரப் பாறையில் பிடிப்பு உண்டு. தண்ணீர் புகுந்தால் உடனே வடிந்துவிடும். குளுவாங்கிலும் பாலோவிலும் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். பூங்கா வழிகாட்டிகளின் காலைப் பாருங்கள், அதைத்தான் போட்டிருப்பார்கள். உங்கள் அளவைவிட அரை அளவு பெரிதாக எடுங்கள், உள்ளே காலுறை இரண்டு போட வேண்டியிருக்கும்.

அட்டைகளுக்குப் பயந்து போகாமல் இருக்கிறவர்கள் உண்டு. அட்டை நோய் பரப்புவதில்லை. கடித்த இடம் கொஞ்சம் அதிக நேரம் ரத்தம் கசியும், அரிக்கும், அவ்வளவே. பழுப்பு நிற அட்டை தரையிலிருந்து ஏறும். மஞ்சள் கோடு போட்ட புலி அட்டை இலை நுனியில் காத்திருந்து இடுப்பு உயரத்தில் பற்றும். புலி அட்டை கடித்தால் சுருக்கென்று தெரியும். முழங்கால்வரை இழுத்துக் கட்டும் அட்டைக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள். புகையிலை ஊறிய தண்ணீரைக் காலுறையில் தடவுவது தோட்டத்தில் பழகிய வழி, இங்கேயும் பலிக்கும். ஒட்டியிருக்கும் அட்டையைத் தீக்குச்சியால் சுடாதீர்கள். நகத்தால் அதன் மெல்லிய வாய்ப்பக்கத்தை நெம்பினால் விட்டுவிடும்.

பையில் வைக்க வேண்டியவை: தலையில் மாட்டும் விளக்கு, மழை அங்கி, மாற்று உடைகளை மூடி வைக்க இரண்டு தடித்த பிளாஸ்டிக் பைகள், கொசு மருந்து, உங்கள் அன்றாட மாத்திரைகள், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், ஒரு விசில். உள்ளே கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்குமென்று எண்ணிப் போகாதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் எந்த வாசல், எந்த நாள் திரும்புவது என்று சொல்லிவிட்டுப் போங்கள். முதல் நாள் மதியத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது நல்லது, வியர்வைக்கும் நடைக்கும் அது தாங்கும். பொட்டலம் கட்டிய இலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஒரு வேண்டுகோளையும் இங்கேயே வைத்துவிடுகிறேன். அருவியைக் கண்டதும் சூடம் ஏற்றிப் பூசை செய்து, பூவும் பழமும் துணியும் அங்கேயே விட்டு வருகிற வழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. தேசியப் பூங்காவுக்குள் வேண்டாம். தண்ணீரில் விட்ட துணியும் பிளாஸ்டிக் மாலையும் கீழே கம்போங்கில் குளிக்கிறவர் காலில்தான் சிக்கும். கைகூப்பிக் கும்பிட்டால் போதும்.

தரையைப் பார்த்து நடங்கள்

காட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் மேலே அண்ணாந்து பார்க்கிறார்கள். மெராந்தியும் கெருயிங்கும் காப்பூரும் நாற்பது, ஐம்பது மீட்டர் உயரம் போகின்றன. மேலே பார்த்தால் பச்சை மட்டும்தான் தெரியும். இந்தக் காட்டின் அருமைகளை முழங்கால் உயரத்தில் தேடுங்கள்.

முதலில் தேட வேண்டியது குடை இலை. மலாயில் ‘தாவுன் பாயோங்’. தண்டே இல்லாமல் தரையிலிருந்து நேராக எழும் பனை இது. பிளவுபடாத ஒற்றை இலை, வைரக்கல் வடிவில், மூன்று மீட்டருக்கும் மேலே நிற்கும். மழை பிடித்தால் வழிகாட்டி அதன் அடியில் உங்களை நிற்க வைப்பார். ஜாக்குன் மக்கள் இதைக் கோத்துக் கூரை வேய்வார்கள், பல ஆண்டு தாங்கும். மேலிருந்து உதிரும் சருகுகளைப் புனல்போல் வாங்கி அடியில் சேர்த்துத் தனக்குத் தானே உரம் போட்டுக்கொள்கிறது என்பது இதன் சிறப்பு. மிக மெதுவாக வளரும் செடி. படத்துக்காக இலையை வளைக்காதீர்கள்; மடிப்பு விழுந்தால் அந்த இலை மீளாது.

அடுத்தது, பெத்தா பக்கத்தில் ஜானிங் பாராட் மேட்டில் நிற்கும் விசிறிப் பனை. அந்த ஏற்றம் செங்குத்தானது, வியர்த்துக் கொட்டும். ஆனால் ஏறிக்கொண்டே இருக்கும்போது ஓரிடத்தில் காடு சட்டென்று மாறுகிறது. பலவகை மரங்கள் பின்தங்கி, மெல்லிய தண்டும் விரிந்த விசிறி இலையும் கொண்ட ஒரே பனை அணிவகுத்து நிற்கிறது. இதன் அறிவியல் பெயர் லிவிஸ்டோனா எண்டாவென்சிஸ். பூங்காவின் பெயரையே சுமக்கும் இந்தப் பனையை அறிவியல் உலகம் அறிந்தது 1987-இல்தான். மண்ணில் சத்து குறைந்த மேட்டில் மற்ற மரங்கள் திணறுகிற இடத்தை இது பிடித்துக்கொண்டிருக்கிறது. எண்டாவின் பெயரைத் தாங்கிய பிரம்பு வகை ஒன்றும் உண்டு. முள்ளைப் பார்த்துத் தள்ளி நில்லுங்கள்.

அதே மேட்டில், வெளிச்சம் விழும் வெள்ளை மணல் திட்டுகளில், குடுவைச் செடிகள். பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடி என்று பள்ளிப் பாடத்தில் படித்தது. ஆனால் இங்கே தரையோடு தரையாக, பாசிக்குள் பாதி புதைந்து, குண்டுக் குண்டாக ஒரு கூட்டம் இருக்கும். அவற்றின் மூடி பின்னால் மடிந்து வாய் திறந்தே இருக்கும். அதுதான் நெப்பெந்தஸ் அம்புல்லாரியா. மற்றவை பூச்சிக்காகக் காத்திருக்க, இது விழும் சருகை வாங்கி அதையும் கரைத்து உண்கிறது. சில குடுவைகளுக்குள் கொசுப்புழுவும் தவளைக் குஞ்சும் குடியிருக்கும். விரலை விடாமல் விளக்கடித்துப் பாருங்கள். நர்சரிக்காரர்கள் தோண்டிக் கொண்டுபோனதால் பல இடங்களில் குடுவைச் செடி அற்றுவிட்டது. ஒரு செடியைக்கூட வேரோடு எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. எடுத்தாலும் உங்கள் வீட்டுத் தோட்டத்து மண்ணில் அது பிழைக்காது.

இனி ஒரு மரம். வழிகாட்டியிடம் ‘காப்பூர்’ மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். இலையைக் கசக்கி முகர்ந்தால் பெருமாள் கோவில் தீர்த்தத்தின் வாசம் வரும். பச்சைக் கற்பூரம் பழங்காலத்தில் வந்தது இந்த மரத்தின் வயிற்றிலிருந்துதான். தண்டுக்குள், வெடிப்புகளில், வெள்ளைப் படிகமாக அது உறைந்திருக்கும். எல்லா மரத்திலும் இருக்காது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் பொன்னுக்கு நிகரான விலை. சுமத்ராவின் மேற்குக் கரையில் பரூஸ் என்ற கற்பூரத் துறைமுகத்தருகே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் வைத்தது. நம் வணிகர் அந்தக் கரைவரை போனதற்குக் கற்பூரம் பெரிய காரணம்.

ஜோகூர்க் காடுகளில் அந்தக் கற்பூரத்தைத் தேடி எடுத்தவர்கள் ஜாக்குன் மக்கள். தேடப் போகும் நாள்களில் அவர்கள் வழக்கமான பேச்சை விட்டுவிட்டு வேறு ஒரு பேச்சில் பேசுவார்கள். அரிசிக்கு வேறு சொல், ஆற்றுக்கு வேறு சொல், விலங்குகளுக்கு வேறு சொற்கள். வழக்கமான சொல்லைச் சொன்னால் மரத்திலிருக்கும் கற்பூரம் மறைந்துவிடும் என்பது நம்பிக்கை. ‘பந்தாங் காப்பூர்’ என்ற இந்த வழக்கத்தைப் பற்றி லேக், கெல்சால் என்ற இருவர் 1894-இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நம் கோவில் கருவறையில் கரைந்த வாசனைக்குப் பின்னால், ஒரு மரத்தடியில் சொல்லை அளந்து பேசிய மனிதர்கள் இருந்தார்கள். இந்த மரத்தின் அடியில் நின்று அதை நினைத்துக்கொள்ளாமல் எந்தத் தமிழரும் கடந்து போகக் கூடாது என்று நான் விரும்புகிறேன்.

விலங்கு, பறவை, இல்லாமல் போனவை

யானை, புலி, தாபிர், சூரியக் கரடி, கடமான், சருகுமான், வெண்கைக் கிப்பன் எல்லாம் இந்தக் காட்டின் குடிகள். கிப்பனைக் காண்பது அரிது, கேட்பது எளிது. விடியலில் மலைக்கு மலை கூவிக்கொள்ளும். தாபிரின் தடம் ஈர மணலில் கிடைக்கும். முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. தரையில் தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் மூன்று விரல்தான். யானைச் சாணம் புதிதாக, ஈரமாகக் கிடந்தால் வழிகாட்டி நின்றுவிடுவார். அவர் திரும்பலாம் என்றால் மறுபேச்சு பேசாமல் திரும்புங்கள்.

மலாயாப் புலியின் நிலையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு. அவற்றில் சில இங்கே இருக்கின்றன. கம்பிக் கண்ணிதான் அவற்றின் பெரிய எமன். தடத்தோரம் மரத்தில் கட்டிய கம்பியோ, கைவிட்ட கூடாரமோ கண்ணில் பட்டால் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள். வனவிலங்குச் சட்டத்தில் 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தண்டனை மிகக் கடுமை. வேட்டை இறைச்சியை வாங்கித் தின்பவருக்கும் இந்தப் பழியில் பங்கு உண்டு. ‘காட்டு இறைச்சி உடம்புக்கு நல்லது’ என்று யாராவது தட்டை நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

இருவாச்சிகளை அண்ணாந்து பார்க்கலாம். சிறகடிக்கும் ஓசை நீராவி எஞ்சின் மூச்சு விடுவதுபோல் முன்னே வரும், பறவை பின்னே வரும். இவற்றில் தலைக்கவச இருவாச்சியின் குரலை ஒருமுறை கேட்டால் மறக்காது. ஒற்றை ஒற்றையாகக் கூவத் தொடங்கி, வேகம் கூடிக் கூடி, கடைசியில் பெருஞ்சிரிப்பில் முடியும். மாமியார் வீட்டுத் தூண்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரிக்கும் மருமகன்தான் பறவையானான் என்று மலாய்க் கதை. அதன் தலைக் கவசம் தந்தம்போல் திண்மையானது என்பதற்காகவே கொன்று குவித்தார்கள். 2015-இலிருந்து அது அழிவின் விளிம்பில் உள்ள இனம்.

இல்லாமல் போனதையும் சொல்ல வேண்டும். எண்டாவ்–ரொம்பின் என்றாலே ஒருகாலத்தில் சுமத்ரா காண்டாமிருகம்தான் நினைவுக்கு வரும். தீபகற்பத்தில் அதன் கடைசிக் கோட்டைகளில் ஒன்று இது. 1977-இல் பகாங் பக்கத்தில் மரம் வெட்ட உரிமம் கொடுத்தபோது நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. மலாயா இயற்கைச் சங்கமும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் பத்திரிகைகளும் பொதுமக்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள், வெட்டு நின்றது. பிறகு 1985–86-இல் மலாயா இயற்கைச் சங்கம் பெரிய அறிவியல் ஆய்வுப் பயணம் ஒன்றை நடத்தி இந்தக் காட்டின் அருமையை உலகுக்குக் காட்டியது. ஜானிங் மேட்டுப் பனை அறிவியலில் பெயர் பெற்றது அதன் பிறகுதான். காடு காப்பாற்றப்பட்டது. காண்டாமிருகம் காப்பாற்றப்படவில்லை. மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகம் இமான் 2019 நவம்பர் 23 அன்று சபாவில் இறந்தது. இந்தக் காட்டில் நடக்கும்போது எந்தத் தடத்திலும் அதன் குளம்படி இனி இல்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆறும் அருவியும்

பெத்தா பக்கத்தில் கோலா ஜாசினிலிருந்து ஒரே தடம் பல இடங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. கோலா மாரோங், நீல நிறத் தெளிவுள்ள தாசேக் ஆயர் பீரு, பிறகு உப்பே கூலிங் அருவி. உப்பே கூலிங்கின் பாறைகளில் தண்ணீரும் கூழாங்கல்லும் யுகக்கணக்கில் சுழன்று குடைந்த குழிகள், ஆள் உட்காரும் அளவுக்கு. இந்தப் பாறைகள் மிகப் பழமையான எரிமலைப் பாறைகள். அதற்கும் மேலே பத்து ஹம்பார், அதையும் தாண்டி நாற்பது மீட்டர் அருவி புவாயா சாங்குட். புவாயா சாங்குட்டுக்குப் போய்த் திரும்ப ஒரு முழு நாள் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் உப்பே கூலிங்கோடு நிறுத்திக்கொள்ளலாம், குறை ஒன்றும் இல்லை.

தண்ணீரில் இறங்குமுன் ‘கெப்பாலா ஆயர்’ என்ற திடீர் வெள்ளத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் பெய்த மழை ஒரே சுவராகத் திரண்டு சில நிமிடங்களில் வந்து அடிக்கும். தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தால், மேலிருந்து ஓர் இரைச்சல் கேட்டால், செருப்பையும் கேமராவையும் தேடாமல் உயரமான கரைக்கு ஏறுங்கள். ஆற்றின் நடுப்பாறையில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அருவியில் இறங்காமல் இருப்பது என் கண்டிப்பான பரிந்துரை.

ஆற்றுநீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். காலில் புண் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் புண் வழியாகத்தான் பெரும்பாலும் உடம்பில் ஏறும்.

திரும்பிய பின்

வெளியேறும்போது பதிவேட்டில் பெயரைக் குறித்துவிட்டு வாருங்கள். குறிக்காமல் போனால் உங்களைத் தேடி ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். வழிகாட்டிக்கு நன்றியாகக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள். குளுவாங் வழியாகத் திரும்புகிறவர்கள் 1938-இலிருந்து நடக்கும் ரயில் நிலையக் காப்பிக் கடையில் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம், அலுப்பு தீரும்.

அடுத்த நான்கு வாரங்களுக்கு உங்கள் உடம்பைக் கவனியுங்கள். மலேசியாவில் 2018-இலிருந்து மனித மலேரியா உள்நாட்டில் தொற்றியதாகப் பதிவு இல்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நொலெசி மலேரியா இன்னும் இருக்கிறது, விரைவாக முற்றக்கூடியது. லெப்டோஸ்பைரோசிஸும் சாதாரணக் காய்ச்சல்போல் உடல்வலி, தலைவலியுடன் தொடங்கும். காய்ச்சல் கண்டால் பனடோல் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போய், காட்டுக்குப் போய் வந்ததையும் ஆற்றில் குளித்ததையும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.